பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கிறது: வீட்டை எங்கிருந்து ஒழுங்குபடுத்துவது?

கேள்வியின் சுருக்கம் இது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூத்தவன் எட்டாம் வகுப்பு, இளையவள் மூன்றாம் வகுப்பு. மே மாதம் முழுவதும் இரவு பன்னிரண்டு மணிக்குப் படுத்துக் காலை ஒன்பது மணிக்கு எழுந்து பழகிவிட்டார்கள். பள்ளி திறக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. வேன் காலை 7.20-க்கு வாசலுக்கு வந்துவிடும். சென்ற ஆண்டு ஜூன், ஜூலை இரண்டு மாதமும் காலை வேளை சண்டையிலும் அழுகையிலும் கழிந்தது. இந்த ஆண்டு அப்படி ஆகாமலிருக்க என்ன செய்யலாம்?

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்து இரண்டு, மூன்று வாரம் ஆனதும், காய்ச்சல் சளிக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருவது காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, வேனில் ஏறும்போது வரும் குமட்டல், வகுப்பில் தூங்கிவிடுகிறான் என்று ஆசிரியர் டைரியில் எழுதி அனுப்பும் புகார் ஆகியவைதான். பரிசோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் நோய் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. நேற்று இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், கடைசியாக எப்போது மலம் கழித்தாள் என்று மூன்று கேள்வி கேட்டால் பாதிக் கதை வெளியே வந்துவிடும். ஆகவே நீங்கள் காலையைப் பற்றிக் கேட்டிருந்தாலும், நான் இரவுச் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். உங்கள் மகள் 7.20 வேனுக்குப் பதற்றமில்லாமல் கிளம்ப வேண்டுமானால் ஆறு மணிக்கு எழ வேண்டும். பரிந்துரையின் கீழ்வரம்பான ஒன்பது மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டாலும் இரவு ஒன்பதுக்கு அவள் தூங்கியிருக்க வேண்டும். படுத்தவுடன் எந்தக் குழந்தையும் தூங்குவதில்லை என்பதால் எட்டரைக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துப் படுப்பது நல்லது என்பதால் ஏழரைக்குள் இரவுச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். மகனுக்கு இதே கணக்கில், படுக்கைக்குப் போக ஒன்பதரை வரை இடம் கொடுக்கலாம்.

இந்தக் கணக்கைச் சொன்னவுடன் பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நம் ஊரில் பல வீடுகளில் ஒன்பது மணிக்குத்தான் தோசைக்கல்லே அடுப்பில் ஏறுகிறது. அப்பா வீடு திரும்ப எட்டரை, ஒன்பது ஆகும். அவர் வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்ற நல்லெண்ணமும், தொடர் முடியட்டும் என்ற காத்திருப்பும் சேர்ந்து குழந்தையின் தட்டைப் பத்து மணிக்குத் தள்ளிவிடுகின்றன. பத்து மணிக்கு மூன்று தோசை சாப்பிட்ட குழந்தைக்குப் பதினொன்றுக்கு முன் தூக்கம் வராது, காலை ஆறு மணிக்குப் பசியும் இருக்காது. அவள் இட்லியை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருப்பதும், நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக் குரலை உயர்த்துவதும், அவள் அழுவதும் முந்தைய இரவே தீர்மானமாகிவிட்ட காட்சிகள். ஆகவே இந்தப் பத்து நாளில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய முடியும் என்றால், குழந்தைகளின் இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குக் கொண்டு வாருங்கள். அப்பாவுடன் சேர்ந்து சாப்பிடும் வழக்கத்தைக் காலை உணவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மாற்றிக்கொள்ளலாம். தாமதமாக வரும் தந்தையருக்கு நான் சொல்வது, காலை ஆறேகால் முதல் இருபது நிமிடத்தை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். இரவு பதினொன்று மணிக்கு அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளையுடன் பேசுவதைவிட அது நல்ல நேரம்.

இனி, ஒன்பது மணிக்கு எழும் குழந்தையை ஆறு மணிக்குக் கொண்டுவரும் வேலை. எல்லோரும் செய்யும் தவறு, பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் எட்டரைக்கே விளக்கை அணைத்துவிட்டு "தூங்கு" என்று சொல்வது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் அப்படித் திடீரென்று நகராது. குழந்தை இரண்டு மணி நேரம் புரண்டு கிடந்து, படுக்கை என்றாலே வெறுப்புக் கொள்ளும். முதலில் எழும் நேரத்தை நகர்த்துங்கள், படுக்கும் நேரம் தானாகப் பின்னால் வரும். மூன்று மணி நேரத்தைப் பத்து நாளில் பகிர்ந்தால் நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வருகிறது. நாளை 8.40, மறுநாள் 8.20 என்று போகலாம். எழுந்தவுடன் முகத்தைக் கழுவி வெளிச்சத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் அந்தக் கடிகாரத்தை முன்னால் தள்ளும் வலுவான விசை. ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் உதித்துவிடுகிறது. மொட்டைமாடிக்குப் போய்த் துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லலாம், வாசல் தெளிக்கும்போது மகளைக் கூடவே நிறுத்திப் புள்ளி வைக்கச் சொல்லலாம். பதினைந்து நிமிடம் போதும். பகல் தூக்கத்தை மட்டும் இந்தப் பத்து நாளும் தவிர்த்துவிடுங்கள்.

மகன் விஷயம் கொஞ்சம் வேறு. பருவ வயதை நெருங்கும்போது, தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் முன்பைவிடத் தாமதமாகவே ஊறத் தொடங்குகிறது. பத்து வயதில் ஒன்பதுக்குத் தூங்கியவன் பதின்மூன்று வயதில் பத்தரை வரை விழித்திருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். சோம்பேறி என்றும் திமிர் என்றும் அவனைத் திட்டுவதில் பயனில்லை. ஆனால் இயற்கை ஒரு மணி நேரம் தள்ளிவைத்ததைச் செல்போன் மூன்று மணி நேரமாக்கிவிடுகிறது. திரையின் வெளிச்சம் மெலடோனினைத் தடுக்கிறது என்பது ஒருபுறம். அடுத்த காணொளி, அடுத்த ஆட்டம் என்று மனத்தை விழிப்பிலேயே வைத்திருப்பது அதைவிடப் பெரிய கேடு. என் அனுபவத்தில், "ஒன்பதுக்கு மேல் போன் பார்க்காதே" என்ற கட்டளை எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. சார்ஜர்கள் எல்லாவற்றையும் சமையலறை மேடைக்கு மாற்றிவிட்டு, ஒன்பது மணிக்கு அப்பா, அம்மாவின் போன் உட்பட எல்லாப் போனும் அங்கேதான் சார்ஜ் ஏற வேண்டும் என்று வைத்த வீடுகளில் அது நின்றிருக்கிறது. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான். கடையில் ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சனி, ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க விடலாம். பதினொன்று மணி வரை விட்டால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திங்கட்கிழமை வயிற்றுவலிக்கு இதில் ஒரு பங்கு உண்டு.

தனி அறை, இருண்ட ஜன்னல், அமைதி என்றெல்லாம் அறிவுரை எழுதுவது எளிது. இங்கே பல குடும்பங்கள் ஒரே கூடத்தில்தான் டிவி பார்க்கின்றன, அங்கேயேதான் பாய் விரித்துப் படுக்கின்றன. அந்த வீட்டில் குழந்தையைத் தூங்கச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் டிவி பார்ப்பது நடக்காத காரியம். எட்டரை முதல் ஒன்பதேகால் வரை, குழந்தை ஆழ்ந்து தூங்கும்வரை, முக்கால் மணி நேரம் டிவியையும் ட்யூப் லைட்டையும் அணைத்து வைக்க முடியுமா என்று பாட்டியிடம் பேசிப் பாருங்கள். பேரப்பிள்ளைக்காக என்றால் பாட்டிகள் ஒப்புக்கொள்கிறார்கள். தாத்தாக்களிடம்தான் செய்தி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. வெயிலும் ஒரு தடை. கத்திரி முடிந்தும் அனல் குறையாததால் 2023-இல் பள்ளி திறப்பு ஜூன் 12-க்கும், தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14-க்கும் தள்ளிப்போனது நினைவிருக்கும். உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைந்தால்தான் தூக்கம் பிடிக்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு குளியல், பருத்தி ஆடை, மாலையிலேயே ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பது ஆகியவை கைகொடுக்கும். மாலை நாலரைக்குக் குழந்தைக்குக் காபியோ டீயோ கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். தவிர, டீ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது.

இப்போது காலை. இதில் யாரும் பேசக் கூச்சப்படும் ஒன்றைப் பற்றி விரிவாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் பள்ளிக்கால வயிற்றுவலியில் பெரும்பகுதி மலச்சிக்கலால் வருவது. நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியை அவள் அம்மா அழைத்து வந்தார். இரண்டு மாதமாகத் தொப்புளைச் சுற்றி வலி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது இடது கீழ்ப்பக்கம் கெட்டியாக உருண்டு நின்றது. கேட்டதற்கு, அவள் காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை நாலரைக்கு வீடு திரும்பும்வரை கழிப்பறைக்கே போவதில்லை என்று தெரிந்தது. பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தோழி வெளியே காவல் நின்றால்தான் போக முடியும், அதற்கு டீச்சர் இருவரை ஒன்றாக விடுவதில்லை. ஆகவே அவள் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். அம்மா பையிலிருந்து எடுத்துக் காட்டிய பாட்டிலில் தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது.

சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு; காலை உணவுக்குப் பிறகு அந்த அசைவு வலுவாக இருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ள, சாப்பிட்டு முடித்த பத்துப் பதினைந்து நிமிடத்தில், வந்தாலும் வராவிட்டாலும், ஐந்து நிமிடம் அவசரப்படுத்தாமல் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். மேலைநாட்டுக் கழிப்பறையாக இருந்தால் கால் தொங்காமல் ஒரு சிறு முக்காலி போடுங்கள். முட்டி இடுப்பைவிட உயர்ந்து நின்றால்தான் முக்கல் இல்லாமல் போகும். இதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான் 7.20 வேனுக்கு ஆறரைக்கு அல்ல, ஆறு மணிக்கே எழச் சொன்னேன். தண்ணீருக்காகக் கேரளப் பள்ளிகளில் 2019-இல் ‘வாட்டர் பெல்’ என்று தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. உங்கள் பள்ளியில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாலையில் வந்தவுடன் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால், கழிப்பறை எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேளுங்கள். பெண் குழந்தைகள் சிறுநீரை அடக்கி வைப்பதால் சிறுநீர்த் தொற்று வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த விஷயத்தில் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பார்ப்பது எந்த மருந்தையும்விடப் பலன் தரும்.

காலை உணவு என்னவாக இருக்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் தர விரும்பவில்லை. இட்லியும் பருப்புப் போட்ட சாம்பாரும், பொங்கலும், முட்டையும், கேழ்வரகுக் கூழும் எல்லாமே நல்லவைதான். பால் மட்டும் குடித்துவிட்டு ஓடுவது உணவு ஆகாது. வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அரசே உணர்ந்துதான், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் அதை மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாரோடு சூடாகக் கொடுக்கிறார்கள். பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் பலர் வேனில் பிஸ்கட் தின்றபடி பள்ளிக்குப் போவதைப் பார்க்கும்போது, இந்த விஷயத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள் என்றே எனக்குத் தோன்றும். மதிய டிபன் பாக்ஸில் இருபது நிமிடத்தில் உண்டு முடிக்கக்கூடிய அளவும் வகையும் இருந்தால் போதும். முள் நீக்க வேண்டிய மீனும், பிய்த்துத் தின்ன வேண்டிய பரோட்டாவும் திரும்பி வரும்.

பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் பையை என் கிளினிக் எடைக்கருவியில் வைத்துப் பார்த்தபோது ஐந்தரைக் கிலோ இருந்தது. அவன் எடை இருபத்து மூன்று. உள்ளே ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில், அந்த நாளுக்குத் தேவையில்லாத நான்கு நோட்டுகள், போன மாதப் பரீட்சைத் தாள்கள். இரவு படுக்கும் முன் குழந்தையே கால அட்டவணையைப் பார்த்துப் பையை அடுக்கட்டும். நீங்கள் அடுக்கிக் கொடுத்தால் வேகமாக முடியும், ஆனால் பத்தாம் வகுப்பு வரை நீங்களே அடுக்க வேண்டியிருக்கும். சீருடை, ஷூ, சாக்ஸ், ரிப்பன் எல்லாம் அப்போதே ஓரிடத்தில் வந்துவிட வேண்டும். மகளுக்கு இரட்டைச் சடை கட்டாயமா? அதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் என்று நினைத்திருப்பீர்கள், பன்னிரண்டு ஆகும். இரவே எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துத் தளரப் பின்னி வைத்தால் காலையில் பாதி நேரம் மிச்சம். பேன் வந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மாலை நேரம்தான் இப்போது எல்லா வீட்டிலும் காணாமல் போயிருக்கிறது. ஐந்து மணிக்கு வந்து, ஐந்தரைக்கு டியூஷன், எட்டுக்கு வீடு, பிறகு ஹோம்வொர்க் என்றால் மேலே சொன்ன ஏழரை மணிச் சாப்பாடு கனவாகிவிடும். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக அறுபது நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதும் இன்று நன்கு நிறுவப்பட்ட செய்தி. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு டியூஷன் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மேலே சொன்ன அதே பள்ளிப் பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம் போதும் என்கிறது. உங்கள் மகள் தினமும் இரண்டு மணி நேரம் எழுதுகிறாள் என்றால் அந்த விதியைச் சொல்லிப் பள்ளியில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மகனுக்குக் கணக்கு டியூஷன் தேவைப்பட்டால் வாரத்தில் மூன்று நாளாக்கி, மற்ற நாட்களில் ஆறரை வரை அவனை மைதானத்தில் விட்டுவிடுங்கள். வந்தவுடன் அயர்ந்து தூங்குகிறான் என்றால் அரை மணி நேரத்தில் எழுப்பிவிட வேண்டும். ஏழு வரை தூங்க விட்டால் இரவுத் தூக்கம் போயிற்று.

பள்ளி திறப்பதற்கு முன் முடித்துவிட வேண்டியவை சில உண்டு. இருவருக்கும் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைக் குழந்தைகள் தாமாகச் சொல்வதில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கின்றன. மகனுக்குப் பத்து வயதில் போட வேண்டிய டிடி தடுப்பூசி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) விட்டுப்போயிருந்தால் இப்போது போடலாம். சொத்தைப்பல் இருந்தால் பரீட்சை நேரத்தில் வலி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக நடந்த பிறகும் காலையில் வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னால், நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பயமும் உண்மையாகவே வயிற்றைப் பிசையும். "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். வேனில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், சாப்பிடும்போது யாரோடு சாப்பிட்டாய், இன்றைக்கு யார் திட்டு வாங்கினார்கள் என்று கேளுங்கள். விஷயம் அங்கிருந்து வரும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, தொப்புளைவிட்டு விலகி ஒரே இடத்தில் நிற்கும் வலி, எடை குறைவது, திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, 7.20 என்ற அந்த நேரத்தையே ஒரு முறை கேள்வி கேட்டுப் பாருங்கள். பல வேன்கள் காலையில் இரண்டு டிரிப் அடிக்கின்றன, பள்ளி 8.45-க்குத் தொடங்கினாலும் முதல் டிரிப் பிள்ளைகள் எட்டு மணிக்கே போய் வராந்தாவில் காத்திருப்பார்கள். இரண்டாவது டிரிப்பிலோ, உங்கள் தெருவுக்குக் கடைசியாக வரும் வேறொரு வேனிலோ இடம் கிடைத்தால் அரை மணி நேரம் மிச்சமாகும், அதை அப்படியே மகளின் தூக்கத்தில் சேர்க்கலாம். வேன்காரரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். பள்ளி திறந்து சீட்டெல்லாம் நிரம்பிய பிறகு கேட்டால் அவராலும் மாற்றித் தர முடியாது.